பளிங்கின் பெயர்கள்



நாம் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில், ஆந்திர நாட்டின் பழைய பௌத்தச் சின்னங்களைப் பற்றிய சிறு ஆங்கிலக் கட்டுரை ஒன்று தமிழாக்கத்துக்காக நம்மிடம் வந்தது. அதில் ஒரே பக்கத்தில் இரண்டு பொருள்கள் அடுத்தடுத்துக் கூறப்பட்டிருந்தன. ஒன்று, பட்டிப்ரோலு என்னும் ஊரின் தூபியில் 1892-ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் கண்டெடுத்த புனித எச்சப் பேழை; நிறமற்ற, ஊடுருவித் தெரியும் கல்லில் கடைந்தது. மற்றொன்று, கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள அமராவதியின் சிற்பங்கள். அவற்றை ஆங்கில ஆசிரியர் 'மார்பிள்' என்று குறித்திருந்தார். நாம் சற்றும் தயங்காமல் முன்னதைப் பளிங்குப் பேழை என்றும், பின்னதைப் பளிங்குச் சிற்பம் என்றும் எழுதி மேலே அனுப்பிவிட்டோம்.

மறுநாள் மூத்த அலுவலர் அத்தாளுடன் நம் மேசைக்கே வந்துவிட்டார். "தம்பி, இந்தப் பேழைக்குள் இருப்பது வெளியே தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றோம். "இந்தச் சிற்பத்துக்குப் பின்னால் இருக்கும் சுவர் தெரியுமா?" தெரியாது என்றோம். "அப்படியானால் இரண்டும் எப்படிப் பளிங்காகும்? அகராதி இரண்டையும் ஒப்புக்கொள்ளும். படிக்கிறவன் என்ன செய்வான்?" என்று கூறிவிட்டு, ஊருக்குப் போகும்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிக் கல்லை ஒருமுறை கண்ணால் பார்த்து வரும்படி சொல்லிச் சென்றார்.

அன்று தொடங்கிய தேடல்தான் இந்தப் பேச்சு.

முதலில் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பழந்தமிழில் பளிங்கு என்பது இன்று நாம் தரையில் பாவும் வெண்கல் அன்று. ஊடுருவித் தெரியும் படிகக் கல்லே பளிங்கு. வள்ளுவர் குறிப்பறிதல் அதிகாரத்தில், நெஞ்சின் கடுப்பை முகம் காட்டிவிடுவதற்குப் பளிங்கை உவமையாக்கியிருக்கிறார். தன்னை அடுத்துள்ள பொருளின் நிறத்தைத் தன்னுள் காட்டுவது அந்தக் கல்லின் இயல்பு. வெண்மையான சலவைக்கல்லை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த உவமை நிற்காது. மணிமேகலையில் பளிக்கறை புக்க காதை என்றே ஒரு பகுதி இருக்கிறது. உதயகுமரனுக்கு அஞ்சிய மணிமேகலை உவவனத்துப் பளிக்கறைக்குள் புகுந்துகொள்கிறாள்; வெளியே நிற்கும் அரசிளங்குமரனுக்கு அவள் உருவம் தெரிகிறது, அணுக மட்டும் முடியவில்லை. நாம் வாழும் தலைநகரில் விற்கும் வெண்பலகைகளால் அந்த அறையைக் கட்டியிருந்தால், அவன் ஒன்றும் காணாமல் திரும்பியிருப்பான், காதையும் வேறாகியிருக்கும்.

இந்தப் பளிங்கு, பளிக்கு என்ற சொற்கள், வடமொழியின் ஸ்படிகம் என்ற சொல் பாகதத்திலும் பாலியிலும் உருமாறித் தமிழுக்கு வந்தவை என்று அறிஞர் பலர் கருதுவர். பாலியில் அச்சொல் பலிக என்று நிற்கிறது. படிகம் என்பதோ அதே சொல் மற்றொரு வழியாக வந்தது. ஆகவே ஒரே சொல் இரு வாயில்களின் வழியே நம் வீட்டுக்குள் நுழைந்து, இரு பெயர்களோடு உலவுகிறது. பளிங்கு தமிழ்ச் சொல்லே, பளபள என்னும் ஒலியோடு உறவுடையது என்பாரும் உளர். அந்த வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப்போவதில்லை. ஆனால் பிறப்பு எதுவாயினும், நம் செவி அச்சொல்லில் பளபளப்பைக் கேட்கிறது என்பது மட்டும் உறுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்க நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது.

ஆங்கிலத்தின் மார்பிள் என்ற சொல்லைப் பின்தொடர்ந்து சென்றால், நாம் சேருமிடம் கிரேக்க மொழியின் 'மார்மரோஸ்'. அதன் மிகப் பழைய ஆட்சி ஹோமரின் இலியட் காவியத்தில் இருக்கிறது. அங்கே அழகிய சிலையையோ, வெண்மாடத்தையோ தேடிச் செல்பவர் ஏமாந்து போவார். டிராய் நகரப் போரில் பாட்ரோக்ளஸ் என்ற வீரன் ஒரு கல்லைக் கையில் பற்றி வீசுகிறான்; அது ஹெக்டரின் தேர்ப்பாகன் நெற்றியில் பட்டு அவன் மாண்டு விழுகிறான். முனைகள் கரடுமுரடான அந்தக் கல்தான் மார்மரோஸ். வழவழப்பும் வெண்மையும் அச்சொல்லுக்கு அன்று சொந்தமாக இல்லை. அது வெறும் கல். ஆளைக் கொல்லக்கூடிய கல்.

பின் அது எப்படி ஒளிக்கல் ஆயிற்று? கிரேக்க மொழியில் மின்னுதல், சுடர்தல் என்ற பொருளில் 'மார்மைரேய்ன்' என்றொரு வினைச்சொல் உண்டு. இரண்டுக்கும் பிறப்புறவு இருந்ததோ இல்லையோ, ஓசை ஒத்திருந்தது. கிரேக்கர்கள் பாரோஸ் தீவிலும் ஏதென்ஸுக்கு அருகிலுள்ள பெந்தெலிக்கஸ் மலையிலும் வெயில் பட்டால் சர்க்கரை போல் மினுக்கும் கல்லை வெட்டி எடுத்தபோது, அதற்கு இந்தப் பெயரே பொருந்திவிட்டது. மக்கள் செவி பெயருக்குள் ஒளியைக் கேட்டது; பெயரும் ஒளியுள்ள கல்லையே சென்று பற்றியது. மார்மரோஸ் என்பது கிரேக்கர் வருவதற்கு முன்பு அங்கு வாழ்ந்தோரின் மொழியைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்ற கருத்தும் மொழிநூலாரிடம் உண்டு.

உரோமர்கள் அதை 'மார்மோர்' என்று வாங்கிக்கொண்டார்கள். தாராள மனமுடையவர்கள், தேய்த்தால் பளபளக்கும் கல் எதுவானாலும், எகிப்தின் செந்நிறக் கல்லானாலும், மார்மோர் என்றே அழைத்தார்கள். இன்றைய கல் வணிகரும் ஏறக்குறைய அதே வழக்கத்தில்தான் இருக்கிறார்கள். ராஜஸ்தானத்துக் கேசரியாஜியில் எடுக்கும் பச்சைக் கல் மண்ணியலாரின் கணக்கில் வேறு இனம். கடையிலோ பச்சை மார்பிள். ஆனால் உரோமர்களிடம் நம்மைக் கவர்ந்தது வேறொன்று. என்னியஸ், விர்ஜில் முதலிய இலத்தீன் கவிஞர்கள் அமைதியான கடலின் மேற்பரப்பையே மார்மோர் என்று பாடினார்கள். துடுப்புகள் மார்மோரில் போராடின என்றால், கல்லில் போராடின என்று பொருளன்று. கல் உருகிக் கடலாகிவிட்டது. எஞ்சியது மினுமினுப்பு ஒன்றே.

இன்னொரு கடலும் இதே பெயரோடு இருக்கிறது. அதற்குக் காரணம் கவிஞர் அல்லர், கல்வெட்டிகள். கருங்கடலுக்கும் ஏஜியன் கடலுக்கும் இடையே துருக்கி நாட்டில் உள்ள சிறு கடலைப் பண்டையோர் புரோபோன்டிஸ் என்றனர். அதன் நடுவே புரோகொனெசஸ் என்ற தீவு. அத்தீவின் சுரங்கங்களிலிருந்து வெண்கல் கப்பல் கப்பலாகச் சென்றது. 532-ஆம் ஆண்டு முதல் 537 வரை கான்ஸ்டான்டிநோபிளில் எழுந்த ஹகியா சோபியாப் பெருங்கோயிலின் தளத்திலும் அக்கல் பாவியிருக்கிறது. காலப்போக்கில் தீவு தன் பழைய பெயரை இழந்து மர்மரா ஆயிற்று. தீவின் பெயர் கடலுக்கும் ஏறி, அது மர்மராக் கடல் ஆயிற்று.

இனி இச்சொல் இரு கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை மேற்கே செல்கிறது.

இலத்தீன் மார்மோர் பிரெஞ்சு நாட்டில் 'மார்ப்ர்' ஆயிற்று. பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பெற்றபோது ரகரம் இரண்டு நெருங்கி நின்றது நாவுக்கு இடையூறாக இருந்தது. பின் வந்த ரகரத்தை லகரமாக்கி மார்பிள் என்றார்கள். ஸ்பானியரும் தமக்குள் இதே வேலையைச் செய்து 'மார்மொல்' என்கிறார்கள். இலத்தீனின் 'பெரெக்ரினுஸ்' ஆங்கிலத்தில் 'பில்கிரிம்' ஆனதும் இவ்வகையே. இத்தாலியர் 'மார்மோ' என்று சொல்லைச் சுருக்கிவிட்டார்கள். ஜெர்மானியர் 'மார்மோர்' என்றே காத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் மேலும் சில வேலைகளை ஏற்றது. பழைய கணக்குப் பதிவேடுகளின் அட்டையில் வண்ணங்கள் நெளிநெளியாக ஓடுமே, அந்தத் தாளுக்கு மார்பிள் தாள் என்று பெயர். சிறுவர் விளையாடும் உருண்டைக்கும் அதே பெயர். கல்லில் உருட்டிச் செய்தது என்பதால் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழக்கு ஏற்பட்டது. ஜெர்மானியச் சிறுவன் கையிலுள்ள 'முர்மெல்' என்பதும் மார்மோரின் பேரப்பிள்ளையே. பிறகு களிமண்ணிலும் கண்ணாடியிலும் உருண்டைகள் வந்தன; கல் போயிற்று, பெயர் நின்றது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் அந்தக் கண்ணாடி உருண்டையைப் புட்டியின் கழுத்துக்குள் அடைத்து, வாயுவின் அழுத்தத்தால் அதுவே மூடியாக நிற்கும்படி செய்து உரிமை பெற்றார். நம் ஊர்க் கோலி சோடா அதுதான். கட்டைவிரலால் அழுத்தினால் 'டப்' என்று ஒலித்து உள்ளே விழும் அந்த உருண்டைக்குத் தமிழன் கோலி என்றே பெயரிட்டான். உருண்டை என்னும் பொருளுடைய வடநாட்டுச் சொல் அது. தில்லியில் புதிதாகக் குடியேறிய தமிழர், மருந்துக் கடைக்காரர் கோலி என்று சொல்லக் கேட்டுத் திகைப்பதுண்டு. அங்கே மாத்திரையும் கோலி, துப்பாக்கிக் குண்டும் கோலி. தமிழ்நாட்டில் சில ஊர்ச் சிறுவர் கோலியைப் பளிங்கு என்று சொல்வதும் உண்டு. கண்ணாடிக் கோலி ஊடுருவித் தெரிவது ஆதலால், வள்ளுவர் காலத்துப் பொருளுக்கு அவர்கள் நம்மைவிட நெருங்கியிருக்கிறார்கள் போலும்!

ஆங்கிலத்தில் பன்மையாகச் சொன்னால் அதற்குப் பழஞ்சிற்பத் தொகுதி என்று பொருள். எல்கின் பிரபு ஏதென்ஸின் பார்த்தெனான் கோயிலிலிருந்து பெயர்த்துச் சென்ற சிற்பங்களைப் பிரிட்டிஷ் அரசு 1816-இல் விலைக்கு வாங்கியது. அவற்றுக்கு எல்கின் மார்பிள்கள் என்ற பெயர் நிலைத்தது. இந்தப் பெயர்தான் நம் கதைக்குள் நேராக வருகிறது. சென்னை மாகாணத்தில் அலுவல் பார்த்த வால்ட்டர் எலியட் 1845-இல் அமராவதித் தூபியைத் தோண்டிச் சிற்பங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவை அங்கே பல ஆண்டுகள் கிடந்து, 1859-இல் இலண்டனுக்குக் கப்பலேறின. 1880 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏதென்ஸின் சிற்பங்களுக்கு எல்கின் மார்பிள்கள் என்றால், இவற்றுக்கு எலியட் மார்பிள்கள், அமராவதி மார்பிள்கள் என்ற பெயர்கள் வழங்கின. பெருமைக்காக வைத்த பெயர். ஆனால் அந்தக் கல் மார்பிளே அன்று. பல்நாட்டுப் பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல் அது. ஆங்கிலேயர் தவறாகச் சொன்னதை நாம் பளிங்கு என்று மேலும் ஒரு படி விலக்கி எழுதியிருந்தோம். பிழை ஒன்றன்று, இரண்டு!

மற்றைக் கிளை கிழக்கே வந்தது. மார்மரோஸ் சிரியாக் மொழியிலும் அரபியிலும் புகுந்து 'மர்மர்' ஆயிற்று. பாரசீகரும் மர்மர் என்றனர். பாரசீகத்தில் 'சங்' என்றால் கல். சங்-எ-மர்மர், மர்மர்க் கல், இந்துஸ்தானியில் சங்மர்மர் என்று ஒட்டிக்கொண்டது. மராத்தியில் அது சங்கமரவர் என்று சற்றே உடைமாற்றிக்கொண்டு நிற்கும். ஆகவே தலைநகரின் கல் கடையில் வணிகர் ஒருவர் சங்மர்மர் என்றும், அவருடைய மகன் மார்பிள் என்றும் கூறும்போது, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்திருந்த இரு உடன்பிறப்புகள் ஒரே கடையில் ஒன்றையொன்று அறியாமல் நிற்கின்றன.

கல் மட்டும் பெயருக்குக் காத்திருக்கவில்லை. பாரசீகம் வடநாட்டில் வேரூன்றுவதற்கு முன்பே, 1031-இல், ஆபு மலையின் தில்வாராவில் விமலன் என்ற அமைச்சர் வெண்கல்லில் சமணக் கோயில் எழுப்பிவிட்டார். அதன் மேல்விதானத்தைக் கண்டவர்கள் அது கல்லா, மெழுகா என்று ஐயுறுவர். சங்மர்மர் என்ற சொல்லை உலகறியச் செய்தது பிற்காலத்து ஆக்ராதான். 1632-இல் தாஜ்மஹால் வேலை தொடங்கியபோது கல் வர வேண்டிய இடம் ராஜஸ்தானத்து மக்ராணா; ஆக்ராவுக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. ஆம்பேர் அரசர் ஜெய்சிங்குக்கு ஷாஜகான் அனுப்பிய ஆணைகள் சில இன்றும் இருக்கின்றன. காதல் கவிதை அங்கு இல்லை. வண்டிகள் வேண்டும் என்கிறது ஓர் ஆணை. ஆம்பேரிலும் ராஜநகரிலும் கல்தச்சர்களை உம்முடைய ஆட்கள் தடுத்து வைத்துக்கொள்வதால் மக்ராணாவில் வேலை நடக்கவில்லை, உடனே அனுப்பும் என்று 1637-இல் மற்றொன்று குறைகூறுகிறது. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு, தாஜ்மஹாலைவிட இந்த ஆணைகள்மீது சற்று அதிகப் பாசம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மக்ராணாக் கல் பின்னர் கல்கத்தாவின் விக்டோரியா நினைவகத்துக்கும் சென்றது; 1906-இல் கால்கோள் இட்ட அம்மண்டபம் 1921-இல் திறக்கப்பட்டது. உலகின் மரபுரிமைக் கற்களுள் ஒன்றாக மண்ணியலாரின் சர்வதேச ஒன்றியம் மக்ராணாக் கல்லை 2019-இல் ஏற்றது.

நம் நேயர்களில் பலர் ஹைதராபாதிலும் பெங்களூரிலும் கேரளத்திலும் வங்கத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் அண்டை வீட்டார் இந்தக் கல்லை எப்படி அழைக்கிறார்கள் என்று கவனித்ததுண்டா? வங்காளி 'ஷ்வேத் பாதர்' என்பார்; வெள்ளைக் கல் என்பதே பொருள். மலையாளிக்கு இது வெண்ணக்கல். அதாவது வெண்ணெய்க் கல். கன்னடர் அமிர்தசிலை என்பர். தெலுங்கர் பாலராயி, பால் கல், என்று ஒரு பெயரும், சலுவராயி என்று இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். பால், வெண்ணெய், அமிர்தம் என்று தென்னாடு முழுவதும் இந்தக் கல்லை உணவுப் பந்தியிலேயே வைத்துப் பார்த்திருக்கிறது.

தெலுங்கின் சலுவராயியில் சற்று நிற்போம். நம் சலவைக்கல்லின் புதிர் அங்கேதான் அவிழ்கிறது. சலவைக்கல் என்றவுடன் வண்ணார் துணி துவைக்கும் கல் என்று நினைக்கத் தோன்றும்; துறையிலுள்ள அந்தக் கருங்கல்லுக்கும் தாஜ்மஹாலுக்கும் என்ன தொடர்பு? தெலுங்கில் சலுவ என்பதற்குக் குளிர்ச்சி என்று பொருள். வெளுத்துத் தூய்மையாக்கிய துணியையும் அச்சொல்லால் குறிப்பர். வெளுப்பைக் குறிக்கும் நம் சலவையும் அச்சொல்லும் ஒன்றே. ஆதலால் சலவைக்கல் என்பது துவைக்கும் கல் அன்று. வெளுத்த கல், குளிர்ந்த கல் என்பதே பொருத்தம் என்பது நம் கருத்து. கோடையில் தில்லியில் வெறுங்காலோடு அக்கல்லின்மேல் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் கோயில் எழுப்பியவர்கள் கருங்கல்லையே நம்பினார்கள். மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் பளிங்குத் தன்மையுள்ள சுண்ணாம்புக்கல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் சிமெண்டு செய்யப் போகிறது. ஆகவே வெண்கல் நமக்கு வெளியிலிருந்து வந்த விருந்தாளி. வந்த விருந்தாளிக்கு, வீட்டில் இருந்த பளபளப்பான பெயரைக் கொடுத்துவிட்டோம். கரடுமுரடான மார்மரோஸ் ஒளிக்கல்லுக்குப் பெயராகியது போலவே, ஊடுருவும் பளிங்கு ஊடுருவாத கல்லுக்குப் பெயராயிற்று.

இதில் முழுத் தவறும் இல்லை. சுண்ணாம்புக்கல் நிலத்தினடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மீண்டும் படிகமாகிக் கோத்துக்கொள்வதே மார்பிள். அதன் மணிகளுக்குள் ஒளி சிறிது தூரம் நுழைந்து சிதறித் திரும்புகிறது. மெல்லிய பலகைக்குப் பின்னே விளக்கை வைத்தால் பலகை கனிந்து ஒளிரும். மூத்த அலுவலரிடம் அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். அன்று நமக்குத் தெரியவில்லை. ஆயினும் படிகம் வேறு, இது வேறு. பேனாக்கத்தியால் கீறினால் மார்பிளில் கோடு விழும், படிகத்தில் விழாது. புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் படிகத்தை ஒன்றும் செய்யா, மார்பிளை அரித்துவிடும். வடநாட்டு வீடுகளில் வெள்ளைப் பலகை பதித்த அடுக்களை மேடைமேல் ரசப் பாத்திரத்தை இறக்கி வைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு, அங்கே வட்டமாக விழுந்த மங்கல் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்பதும், வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார் என்பதும் நினைவிருக்கலாம். நாமும் ஒருமுறை அவ்வாறு இழந்தவர்களே.

அந்தக் கட்டுரையை இறுதியில் எப்படித் திருத்தினோம் என்றால், பேழையைப் படிகப் பேழை என்றோம். அமராவதிக்கு மட்டும் ஊருக்குச் செல்லும்வரை இடம் விட்டு வைத்தோம். விடுமுறையில் எழும்பூரில் அச்சிற்பங்களின் முன் நின்றபோது, நம் மனத்தில் நாமே கட்டியிருந்த வெண்மை அங்கு இல்லை. பச்சை சற்றே கலந்த வெளிறிய கல், மினுக்கம் இல்லை, தூபியை வலம்வரும் மாந்தரும், தாமரைப் பதக்கங்களும், மதயானையின் முன் சிதறி ஓடும் கூட்டமும் அதில் உயிரோடு இருந்தன. திரும்பி வந்து சுண்ணாம்புக்கல் என்று எழுதிக் கொடுத்தோம். மூத்த அலுவலர் படித்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டார்.